தூசி தட்டிவிட்டு உள்ளே வரவும்

எங்கள் கடைக்குள் வருகிறவர்கள் முதலில் தங்களைத் தட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவில் என் கணவர் என்னை எழுதச் சொல்லி ஒட்டிவைத்த ஒரே அறிவிப்பு அதுதான்: ‘தூசி தட்டிவிட்டு உள்ளே வரவும்.’ வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வருகிற இளைஞர்களின் தலைமுடியில், புருவத்தில், சட்டைத் தோளில் எல்லாம் பஞ்சு படிந்திருக்கும். சனிக்கிழமை மாலை, சம்பளம் வாங்கிய கையோடு கும்பலாக வருவார்கள். வாசலில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டுவார்கள். தட்டுகிற சாக்கில் ஓங்கி ஒன்று வைக்கிறவனும் உண்டு. வாங்கியவன் அவனைத் துரத்த, தெருவே கொஞ்ச நேரம் சிரிக்கும். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.

உள்ளே இருந்தவை விளையாட்டுகள். கம்ப்யூட்டரில் போட்டு ஆடுகிற கார்ப் பந்தயம், கால்பந்து, துப்பாக்கிச் சண்டை. ஒவ்வொன்றும் ஒரு குறுந்தகட்டில், ஒவ்வொரு தகடும் ஒரு பெட்டியில். அவற்றை வாடகைக்குக் கொடுத்தோம். சனிக்கிழமை எடுத்துப்போனால் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் திருப்பித் தந்துவிட வேண்டும். ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருந்த பையன்கள் சேர்ந்து பணம் போட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள். வாரம் முழுவதும் தைத்த கை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் ஓட்டும்.

தகடுகளுக்காகத்தான் இத்தனை சுத்தம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று என் கணவரும் விட்டுவிட்டார். தூசி ஆகாதது தகடுகளைவிட அவருக்குத்தான்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மீசை அரும்புகிற வயதில் திருப்பூருக்கு வந்து, ரைசிங் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தவர். குளிர்நாடுகளுக்குப் போகிற தடித்த துணியின் உட்புறத்தைக் கம்பிப் பற்களால் சுரண்டி, பூனையின் வயிறுபோல மென்மையாக்குகிற இயந்திரம் அது. துணி மென்மையாக மென்மையாக அறை முழுவதும் பஞ்சு எழும்பும். எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது என்று அவர் சொன்னபோது, மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஒருமுறை சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுபோனபோது பார்த்தேன். அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

என் அப்பா சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறிகளை விற்றுவிட்டு வேலம்பாளையத்தில் லைன் வீடுகள் கட்டினார். அவற்றில் ஒன்றுக்கு இவர் குடிவந்தார். நான் அருகிலிருந்த சிறிய பள்ளியில் தமிழாசிரியை. கிளை நூலகத்திலிருந்து நான் புத்தகம் எடுத்து வருகிற வேளையும் அவர் ஷிப்ட் முடித்து வருகிற வேளையும் ஒன்றாக இருந்தன. ‘டீச்சர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். திருமணத்துக்குப் பிறகும் அதை மாற்றவில்லை. அவர் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போவார், நான் கிருத்திகைக்கு விரதம் இருப்பேன். இரண்டு வீட்டாரும் வெகுநாள் முகம் சுளித்து, பிறகு சுளிக்க அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமைகள்தான் நினைவிருக்கின்றன. ஞாயிறு ஓய்வெடுத்த நுரையீரல் திங்கட்கிழமை மறுபடி பஞ்சுக்குள் போகும்போது அதைத் தாங்காது. அன்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தெருச் சுவர்களைப் பிடித்தபடியே வீடு வரை நடந்து வருவார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை, புதன் இன்னும் தேவலை. வார நடுவில் சரியாகிவிடுவதால் அதை நோய் என்று நாங்கள் நினைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே திங்கட்கிழமையைப் பற்றியதுதான். பிறகு சொன்னார்: “இனிப் பஞ்சுக்குள்ள போகாதீங்க. போனீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை.”

பஞ்சு படாத வேலையை இந்த ஊரில் எங்கே தேடுவது? டீக்கடை வடிகட்டியில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும் ஊர் இது. அவர் பல நாள் யோசித்தார். ஒரு நண்பரின் வீட்டில் கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி, அறைக்கு ஜன்னல் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னதைப் பார்த்துவிட்டு வந்தார். “அந்தச் சாமானுக்கும் எனக்கும் ஒரே சீக்கு டீச்சரு. அது நல்லா இருக்க எடத்துல நானும் நல்லா இருப்பேன்லா?” என்றார். குறுந்தகட்டுக் கடை பிறந்தது இந்த ஒரு காரணத்தால்தான். அவர் அதுவரை எந்த விளையாட்டையும் ஆடியதில்லை. பிறகும் ஆடவில்லை.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

“ஏனுங் மாப்ள, பொண்ணு கேக்கறப்ப மெஷின் மாஸ்டருன்னு சொன்னீங்க. இப்பப் பசங்க வெளையாடற சாமான் வெச்சுப் பொழைக்கறனுங்கறீங்க?”

“மாமா, ஒங்க ஊர்ல பஞ்சு இல்லாத எடம் ஒண்ணு காட்டுங்க. அங்ஙன கல்லு ஒடைக்கக்கூடப் போறேன்.”

“கல்லு ஒடைச்சா அதுலயும் தூசி வருமுங்க மாப்ள.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுவாரமே அப்பாதான் சந்து முனையில் கண்ணாடிக் கதவுள்ள அறை ஒன்றைப் பேசி முடித்துக் கொடுத்தார்.

அந்த ஆண்டுகளை நல்ல ஆண்டுகள் என்றே சொல்ல வேண்டும். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பேன். அந்த அறையின் காற்று தனியானது. ஏ.சி. எல்லாம் இல்லை; மூடிய கதவும் தினம் இருவேளை ஈரத்துணித் துடைப்பும்தான். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்காது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. திரும்பி வந்த தகடுகளைத் துடைக்க, கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளை பனியன் துண்டுகளை வாங்கி, துவைத்து, பஞ்சு உதிராதபடி ஓரம் தைத்து வைத்திருந்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே நேர் இழுப்பாக இழுப்பார். பிறகு ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்ப்பார். துணியில் ஓட்டை பார்த்துப் பழகிய கண் அது.

“அண்ணே, கேமு பாதியில நிக்குது” என்று எவனாவது வந்தால் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, “இதுல டீ குடிச்ச கிளாஸ வச்சவன் யாருல?” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்தக் கும்பலோடு சேராத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொள்கிற வேலை. பல்லடம் பக்கத்துப் பையன், இஸ்திரி கலையாத சட்டை. அவர் மேல் ஒரு நூல்கூட ஒட்டியிருக்காது. ஆனாலும் வாசலில் நின்று இரண்டு தோளையும் முறையாகத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

“ஆபீஸ்லேருந்து வாரவருக்கு என்ன சார் தூசி?”

“சட்டமுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே அண்ணா. அப்புறம் நீங்க ஆளப் பாத்து வுட்டீங்கன்னு பேச்சு வந்துருமுங்க.”

இடி விழப்போகிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். எங்கள் பகுதிக்கு அகலப்பட்டை இணையம் வந்து, கம்பெனி அலுவலகங்களிலும் வசதியானவர்கள் வீடுகளிலும் இழுக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு மாலை தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு எதையும் எடுக்காமல் நின்றார்.

“அண்ணா, ஒண்ணு சொல்றனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே சிடியே வேண்டாமாட்டத் தெரியுதுங்க.”

“ஏன், வெளையாட மாட்டியளோ?”

“வெளையாடுவமுங்க. நெட்டுலயே காசக் கட்டி எறக்கிக்கலாமுங்க. ஊட்ட உட்டு வெளிய வர வேண்டீதில்லீங்க.”

“அப்ப கடை?”

“கடையில்லீங்க.”

“சரக்கு எங்ஙன இருக்கும்?”

“சரக்குன்னே ஒண்ணும் இல்லீங்ணா.”

என் கணவர் சிரித்தார். “டீச்சரு, ஒங்க ஊர்க்காரரு சொல்லுதத கேட்டியா! கடையும் இல்லாம சரக்கும் இல்லாம யாவாரமாம்.” மெர்ச்சண்டைசரும் மரியாதைக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் மட்டும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

ஒரே நாளில் யாரும் வராமல் போய்விடவில்லை. முதலில் அலுவலகக்காரர்கள் குறைந்தார்கள். பிறகு முதலாளி வீட்டுப் பிள்ளைகள். பையன்கள் இணையத்தில் காசு கட்டவில்லை. கட்டிய எவனோ ஒருவனிடமிருந்தும், கட்டாமலே இறக்கிக்கொள்ளத் தெரிந்த இன்னொருவனிடமிருந்தும் பென் டிரைவில் வாங்கி அறைக்கு அறை கொடுத்துக்கொண்டார்கள். வாசலில் முதுகில் தட்டுகிற ஓசை வாரத்துக்கு வாரம் மெலிந்தது. சனிக்கிழமை மாலையில் நான் இடையூறே இல்லாமல் பத்துப் பக்கம் படித்து முடித்தபோது எனக்குப் பயம் வந்தது.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு முடிவெடுத்தார். அது முட்டாள்தனமான முடிவு என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். திருப்பூரை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இந்த ஊரில் ஆர்டர் ரத்தானால் தைத்த சட்டையை யாரும் தூக்கி எறிவதில்லை. ஸ்டாக் லாட் என்று மொத்தமாகக் கட்டி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கி, பிரித்து, பொறுமையாக விற்றுப் பெரிய ஆளானவர்களின் வீடுகளைத்தான் நாங்கள் தினமும் கடந்துபோனோம். கோணல் நிறத்தில் சாயம் ஏறிய பனியனுக்கும் எங்கோ ஓர் ஊரில் ஓர் உடம்பு இருக்கும். சரக்கு விலை விழுகிற நாளே வாங்குகிற நாள். சரக்கில் பழுதில்லை என்றால் அது ஒருநாள் போயே தீரும். அவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட வியாபாரம் இது ஒன்றுதான். இங்கே எல்லாரும் கற்றுக்கொண்டதும் இதுதான்.

கோயம்புத்தூரில் எங்களைப் போலவே வாடகைக் கடை வைத்திருந்த ஒருவர் கடையை மூடுகிறார் என்று தகவல் வந்தது. பெரிய கடை. நாங்கள் வாங்க முடியாதிருந்த, அண்மையில் வந்த விலை உயர்ந்த விளையாட்டுகளெல்லாம் பெட்டியோடு இருந்தன. மொத்தமாக எடுத்துக்கொள்கிறவருக்கு மலிவு. பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் அப்பா எனக்கென்று வாங்கிப்போட்டிருந்த மனை ஒன்று இருந்தது. நாங்கள் இருவரும் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம். அவர் கேட்கவில்லை; நானே சொன்னேன், விற்கலாம் என்று. அந்தக் கதவும் அந்தக் காற்றும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மனத்தில் இல்லை.

கோயம்புத்தூர்க் கடையில் அவர் சோதனை செய்ததை இன்றும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, விளக்கடியில் உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு தகடாக எடுத்தார். விரல்நுனியில் நிறுத்திச் சுழற்றினார். சாய்த்தார், நிமிர்த்தினார். ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், ரிஜக்ட் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, பனியன் செக்கிங் பண்றாப்பல பாக்கறீங்களே! எல்லாம் ஒருக்கா வெளையாண்டதுதானுங்க. கீறலே இருக்காதுங்க.”

“துணின்னாலும் தகடுன்னாலும் ஓட்டை ஓட்டைதானே அண்ணாச்சி.”

ரிஜக்ட் அடுக்கில் அன்று மாலை மூன்றோ நான்கோதான் சேர்ந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கேஸ் கேஸாக, சட்டைகளை ஏற்றுமதிக்கு அனுப்புகிற அதே அட்டைப்பெட்டிகளில் கட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியில் அவர் பாடிக்கொண்டு வந்தார். மூச்சு இடறாமல் பாடினார்.

புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பழைய கும்பல் மறுபடி வந்தது. வாசலில் முதுகுத் தட்டல், துரத்தல், எல்லாம். அந்தச் சனிக்கிழமை பேர்போன போர் விளையாட்டு ஒன்றை ஓர் அறைப் பையன்கள் எடுத்துப்போனார்கள். திங்கட்கிழமை வர வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியமே வந்து நின்றார்கள்.

“அண்ணே, இது ஓட மாட்டேங்கு.”

“கீறலா?”

“கீறல் இல்லண்ணே. போட்டா நம்பரு கேக்கு. நெட்டுல சேத்து அடிக்கச் சொல்லுது. பிரண்டு ஒருத்தன் நெட்டுல போட்டு, பெட்டிக்குள்ள இருக்க நம்பரத்தான் அடிச்சோம். இது ஏற்கெனவே வேற ஆளுதுன்னு வருது.”

அவர் தகட்டை வாங்கித் துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் இல்லை. வேறு பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் மாலையில் திரும்பியது. இன்னொன்று. அதுவும். ஆளனுப்பி மெர்ச்சண்டைசரைக் கூட்டிவரச் சொன்னோம். அவர் தோளைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சிறிய சீட்டை எடுத்துப் பார்த்தார். சீட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“சொல்லுங்க சார்” என்றார் என் கணவர்.

“இதுல இருக்கற நம்பரு ஒருக்காத்தானுங்க வேல செய்யும். மொதல்ல வாங்குன ஆளு நெட்டுல அவரு பேருல பதிஞ்சுபோட்டாருங்க. இனி அது அவருக்குத்தானுங்க.”

“தகடு எங்கிட்டல்லா இருக்கு.”

“தகடு உங்ககிட்ட இருக்குதுங்ணா. வெளையாட்டு அவருகிட்ட இருக்குது.”

என் கணவர் புரியாமல் பார்த்தார். அந்த இளைஞர் எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னார்: “பஸ் டிக்கெட்டாட்டங்க. கசங்காம கிழியாமப் புதுசாத்தான் இருக்குதுங்க. ஆனா அதுல ஒருத்தரு போயெறங்கிட்டாருங்க.”

“எல்லாமேயா?”

“பழைய கேமெல்லாம் ஓடுமுங்க. புதுசு பூராவும் இப்படித்தானுங்க இருக்கும்.”

பழைய விளையாட்டுகளைக் கேட்க ஆளில்லை. புதியவற்றுக்காகத்தான் மனை போனது. அவர் வெகுநேரம் கையிலிருந்த தகட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ முறையிடுகிறவர்போல, “ஒரு கீறல் கெடையாது பாத்துக்கோங்க. ஒரு கீறல்” என்றார்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்தோம். அவர் அதிர்ந்துபோனது உண்மையென்றே எனக்குப் பட்டது. “வெளையாண்டதுன்னு சொல்லித்தானுங்களே குடுத்தேன்” என்றார். அதுவும் உண்மைதான். யார் மேலாவது கோபப்பட இடமிருந்திருந்தால் என் கணவருக்கு அந்த மாதங்கள் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த இடமும் இல்லை.

கடைக்கே இணையம் இழுத்து, கேட்கிறவர்களுக்கு இறக்கிக் கொடுக்கலாம் என்று முயன்றார். அது ஊரெங்கும் மின்வெட்டு இருந்த காலம். ஒரு விளையாட்டு இறங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்புபோல ஊர்ந்து முக்கால் பங்கு வந்திருக்கும், மின்சாரம் போகும், திரும்பி வரும்போது கோடு தொடக்கத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மின்விசிறி நின்ற அறையில் கதவைத் திறந்தால் தெருப் பஞ்சு வரும், திறக்காவிட்டால் புழுங்கும். ஒரு நாள் கதவைத் திறந்து கல் அண்டைகொடுத்து வைத்திருந்தார். பள்ளியிலிருந்து வந்து அதைப் பார்த்ததுமே, கடை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காலி செய்த நாளில் அட்டைப்பெட்டிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் சுவரோரம் அடுக்கினோம். பிறகு அவர் வேலை தேடினார். வாட்ச்மேன் வேலையில் சில மாதம் இருந்தார். மார்கழிக் குளிரில் நெஞ்சு அடைத்தது. துணிக்கடையில் நின்றார், அங்கும் பஞ்சு. வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்துக் கிடந்த காலம் என்பதால் எங்கும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆர்டர்கள் திரும்பின. குளிர்காலத்துக்கான தடித்த துணி ஆர்டர்கள். அவர் முன்பு வேலைபார்த்த ரைசிங் யூனிட்டின் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார்.

“மாஸ்டர், ஹிந்திக்காரப் பசங்க வந்திருக்கானுங்க. நல்ல பசங்கதானுங்க. ஆனா மெஷினு சத்தத்த வெச்சே எங்க புடிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. நீங்க சும்மா நின்னாப் போதுமுங்க.”

சூப்பர்வைசர் போனதும் நான் கேட்டேன். “டாக்டர் சொன்னது மறந்துபோச்சுங்களா?”

“மறக்கல டீச்சரு. பஞ்சுக்குள்ள போகாதன்னாரு. வேற எதுக்குள்ள போன்னு அவரு சொல்லலியே.”

“எஞ் சம்பளம் இருக்குதுங்க. இருக்கறத வெச்சுப் பொழைக்கலாமுங்க.”

“ஒம் மனைய நான் தின்னாச்சு. சம்பளத்தயும் திங்கணுமா? ஒரு சீசன். ஒரே ஒரு சீசன்.”

நான் அழுதேன், அப்பாவை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த வழிகள் அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை, தகடு துடைக்கிற வெள்ளைத் துணிகளில் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மூக்கைச் சுற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் துணிக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

ஒரு சீசன் இரண்டானது. மாலையில் வீட்டு வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். நான் போய் அவர் முதுகைத் தட்டிவிடுவேன். தலையை உதறிவிடுவேன். வெள்ளையாக எழும்பி, வாசல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கும். ‘கடைச் சட்டம் இன்னும் அமுல்ல இருக்கு’ என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, சொல்கிற மூச்சு இல்லாததால் வெறுமனே நின்றார். தட்டும்போது என் உள்ளங்கைக்கு அவர் எலும்பு தெரியத் தொடங்கியது.

பழைய மருத்துவரிடமே மறுபடி போனோம். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே படத்தை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். என் கணவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “கீறல் நெறைய இருக்கோ டாக்டர்?” என்றார். மருத்துவருக்குப் புரியவில்லை. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்தது ஒரு திங்கட்கிழமை முற்பகலில், வீட்டில். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சாவை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. மூச்சுச் சத்தம் கேட்காமலாயிற்று. கடையில் நான் அவ்வளவு ஆசைப்பட்ட நிசப்தம் அது.

அவரைக் கிடத்த முன்னறையில் இடம் போதவில்லை. தகடுகள் இருந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வெளியே தெருவோரம் அடுக்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து அவருடைய அண்ணனும் உறவினர்களும் வந்துசேரப் பொழுதாகிவிட்டது. மாலையில் ஷிப்ட் விட்டதும் பழைய பையன்கள் வந்தார்கள். சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகூட இருந்தது. யாரும் சொல்லவில்லை, வாசலில் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். யாரும் ஓங்கி அடிக்கவில்லை. மெர்ச்சண்டைசரும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் இரண்டு தோளையும் கையால் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.

குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். உறவில் மூத்த பெண்மணி ஒருவர் செய்ய வேண்டியவற்றை முறைப்படி செய்துகொண்டு வந்தார். தாடையைக் கட்டினார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். பிறகு தட்டிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டாகப் பிய்த்து, விரலால் உருட்டி, அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

“வைக்காதீங்க” என்றேன்.

அந்த அறையில் யாரும் என் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அந்தம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “வழக்கமுல்லா தாயி. வைக்காம எப்படி?”

“வேண்டாம். அவருக்குப் பஞ்சு ஆகாது.”

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து ஒருத்தி என் தோளைப் பிடித்தாள். வாசலோரம் நின்ற பையன்களில் ஒருவன் விசும்புவது கேட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். அந்தம்மாவின் கையிலிருந்த பஞ்சை வாங்கித் தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

“அவ சொல்றாளல்லங்க. வுட்ருங்க. அப்படியே போகட்டுமுங்க.”

அப்படியேதான் அனுப்பிவைத்தோம்.